எல்லை கடந்த வழக்கு

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டித் தொங்கவிட்டிருந்தான் என்பதும், கன்றை இழந்த பசு வந்து அதை அசைத்தது என்பதும் நம் வீட்டுக் குழந்தைகள் யாவரும் அறிந்த கதை. அரசன் நல்லவனாயிருந்தபடியால் மணி ஒலித்தது, நீதியும் கிடைத்தது. அரசனே கொடியவனாகிவிட்டால் பசு எங்கே போகும்? அவன் கஜானாவையும் வாரிக்கொண்டு வேறொரு நாட்டில் போய்ச் சுகமாகக் குடியேறிவிட்டால், அந்த மணியை எந்த வாயிலில் தேடுவது? ஆப்பிரிக்காக் கண்டத்தின் நடுவே சாட் என்ற ஏழை நாட்டு மக்கள், நம் காலத்திலேயே, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு தேசம் தேசமாக அலைந்தார்கள். அவர்கள் அலைந்த வரலாற்றை நம் நேயர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

சாட் நாட்டைப் பற்றி நம் பத்திரிகைகளில் செய்தி வருவது அபூர்வம். தேசப் படத்தில் கடற்கரையே இல்லாமல், நாற்புறமும் பிற நாடுகளால் அடைபட்டுக் கிடக்கும் பூமி அது. வடக்கே சஹாரா மணல். தெற்கே பருத்தியும் சோளமும் விளையும் நிலம். பிரெஞ்சுக்காரர்களின் ஆதிக்கத்திலிருந்து 1960-ல் விடுபட்டது. விடுதலை கிடைத்ததே தவிர அமைதி கிடைக்கவில்லை. உள்நாட்டுச் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையின் நடுவே, பாரிஸ் நகரத்தில் கல்வி கற்றுத் திரும்பிய ஹிஸேன் ஹாப்ரே என்பவர் 1982 ஜூன் மாதம் தம் படையுடன் தலைநகரான இஞ்சமீனாவுக்குள் புகுந்து ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தார். அண்டை நாடான லிபியாவின் தலைவர் கடாபியை அடக்க ஒரு கை தேவைப்பட்ட அமெரிக்காவும் பிரான்ஸும் அவருக்குப் பணமும் ஆயுதமும் தந்து தாங்கின. அந்தக் கையில் என்ன கறை படிந்திருக்கிறது என்று பார்ப்பது அவ்விரு வல்லரசுகளுக்கும் அவசியமாகத் தோன்றவில்லை.

1983-ல் ஹாப்ரே ஓர் இலாகாவை ஏற்படுத்தினார். தஸ்தாவேஜு-பந்தோபஸ்து இலாகா என்று அதன் பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் சொல்லலாம். பெயரைக் கேட்டால், பழைய காகிதங்களைக் கட்டி அடுக்கி வைக்கும் ஆபீஸ் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் அது இரகசியப் போலீஸ் படை. ஜனாதிபதி ஒருவருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஒருவன் பேசிய பேச்சுக்காகவும், அவன் பிறந்த குலத்துக்காகவும், அவன் பெயர் யாரோ ஒருவன் வாயில் வந்துவிட்டதற்காகவும் இரவோடிரவாகத் தூக்கிச் செல்லப்பட்டான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் தங்கள் படைவீரர் குடும்பங்கள் நீராடுவதற்கென்று தலைநகரில் ஒரு நீச்சல் குளம் கட்டியிருந்தனர். ஹாப்ரேயின் ஆட்கள் அந்தக் குளத்தின் நீரை வடித்துவிட்டு, மேலே கான்கிரீட் தளம் போட்டு மூடி, உள்ளே சுவர்கள் எழுப்பிப் பத்து அறைகளாகப் பிரித்தார்கள். வெயில் கொளுத்தும் அந்த ஊரில், பூமிக்கடியில், காற்றும் வெளிச்சமும் அற்ற அந்த அறைகளில் மனிதர்களை நெருக்கி அடைத்தார்கள். உள்ளே ஒருவன் இறந்தால் அந்தச் சடலம் உடனே அகற்றப்படும் என்ற நிச்சயங்கூட இல்லை. இறந்தவர்களைச் சுமந்து போய்ப் புதைக்கும் வேலையும் கைதிகளுக்கே.

அப்படிப் புதைக்கும் வேலைக்கு ஆளானவர்களில் ஒருவர் கிளமான் அபைஃபூத்தா. ஜெர்மனியில் மேற்படிப்புக்காக உபகாரச் சம்பளம் பெற்றுப் புறப்படவிருந்த வாலிபர், 1985-ல் பிடிபட்டார். படிப்புக்குப் போகவேண்டிய நான்கு ஆண்டுகளும் தலைநகருக்கு வெளியே ஒரு பொட்டல் வெளியில் தம் சக கைதிகளுக்குக் குழி தோண்டுவதில் கழிந்தன. அந்த வெளிக்கு ‘இறந்தோர் சமவெளி’ என்றே ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள். இவர் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னால் மீண்டும் சந்திப்போம்.

இன்னொருவர் சுலைமான் கெங்கெங். இவருடைய தொழில் கணக்கு எழுதுவது. சாட் ஏரிப் படுகைக் கமிஷன் என்ற பொது ஸ்தாபனத்தில் உத்தியோகம், குடும்பஸ்தர், தெய்வ பக்தி மிக்கவர், அரசியலில் தலையிட்டவரும் அல்லர். கலகக்காரருக்கு உதவினார் என்று 1988-ல் சிறையில் தள்ளினார்கள். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் பல சிறைகளில் கிடந்தார். நோயும் இருட்டும் சேர்ந்து அவர் கண்பார்வையைத் தின்றன. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மடிவதைப் பார்த்துக்கொண்டு கிடந்த அவர், ‘உயிரோடு வெளியே வந்தால் இதற்கு நியாயம் கேட்பேன்’ என்று கடவுள் மீது ஆணையிட்டுக்கொண்டார். சிறையில் கிடப்போர் பலரும் இவ்விதம் சபதம் செய்வதுண்டு. வெளியே வந்து பெண்டு பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும், போனது போகட்டும் என்று இருந்துவிடுவதும் உண்டு. அதில் தவறு ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கர் அப்படி இருந்துவிடவில்லை.

1990 டிசம்பர் முதல் தேதி, ஹாப்ரேயிடம் முன்பு தளபதியாக இருந்த இத்ரீஸ் டேபி படையெடுத்து வந்து ஆட்சியைப் பிடித்தார். ஹாப்ரே கருவூலத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு காமரூன் வழியாக ஸெனகல் தேசத்துக்கு ஓடிப்போனார். சிறைக் கதவுகள் திறந்தன. கெங்கெங் வெளியே வந்தார். தம்மைப் போன்றவர்களை ஒன்று சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். வீடு வீடாகவும் ஊர் ஊராகவும் போய், சிறைப்பட்டவர்களையும் விதவைகளையும் கண்டு, அவரவர் சொன்னதைக் கணக்கருக்குரிய ஒழுங்குடன் எழுதி வாங்கினார்கள். பெயர், ஊர், பிடிபட்ட நாள், அடைத்து வைத்த இடம், செய்த கொடுமை, செய்தவன் பெயர் என்று 792 பேரின் வாக்குமூலங்கள் சேர்ந்தன.

புதிய சர்க்காரும் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. அந்தக் கமிஷனுக்கு இடம் கிடைக்காமல், பழைய இரகசியப் போலீஸின் தலைமைக் காரியாலயத்திலேயே அதை உட்கார வைத்தார்கள்! எந்த வாசலில் அடிபட்டார்களோ அதே வாசலில் வந்து சாட்சி சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? இருந்தும் அந்தக் கமிஷன் தன் கடமையை நன்றாகவே செய்தது. ஹாப்ரேயின் எட்டாண்டு ஆட்சியில் 40,000 பேர் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிட்டு 1992-ல் அறிக்கை வெளியிட்டது. வல்லரசுகள் ஹாப்ரேக்குச் செய்த உதவியையும் அதில் மறைக்கவில்லை. அறிக்கை வெளிவந்தது, அலமாரிக்குள் போயிற்று. ஏனெனில் பழைய இலாகாவின் உத்தியோகஸ்தர் பலர் புதிய ஆட்சியிலும் பதவியில் அமர்ந்துவிட்டார்கள். புதிய ஜனாதிபதி டேபியோ, 1984-ல் தென்பகுதியில் படுகொலைகள் நடந்தபோது ஹாப்ரேயின் படைத் தலைவராக இருந்தவர். கெங்கெங் தம் காகிதக் கட்டுகளை வீட்டில் ஒளித்து வைத்தார். ஆண்டுகள் கழிந்தன.

இந்த இடத்தில் நாம் சற்றே சாட் நாட்டை விட்டு லண்டனுக்குச் செல்லவேண்டும். 1998 அக்டோபரில், தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தின் முன்னாள் சர்வாதிகாரி பினோஷே அங்கே வைத்தியத்துக்காக வந்து தங்கியிருந்தார். ஸ்பெயின் தேசத்து நீதிபதி ஒருவர் அனுப்பிய வாரண்டின் பேரில் பிரிட்டிஷ் போலீஸார் அவரைக் கைது செய்துவிட்டார்கள். முன்னாள் அரச தலைவர் என்பது சித்திரவதைக் குற்றத்துக்குக் கேடயமாகாது என்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். கடைசியில் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி அவரை 2000-ல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். உலகெங்கும் அடிபட்டவர்கள் அந்தச் செய்தியைப் படித்து, ‘அப்படியானால் நம் ஆள்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கேள்விக்கு ஆதாரமான சட்டம் புதியதன்று. சித்திரவதையை ஒழிப்பதற்காக ஐக்கிய நாடுகள் சபை 1984-ல் ஓர் ஒப்பந்தம் செய்தது. அதில் சேர்ந்த தேசம் எதுவானாலும், சித்திரவதை செய்தவன் தன் மண்ணில் அகப்பட்டால், குற்றம் எங்கே நடந்திருந்தாலும், ஒன்று அவனைத் தானே விசாரிக்கவேண்டும். இல்லையேல் விசாரிக்கக்கூடிய வேறு தேசத்திடம் ஒப்படைக்கவேண்டும். ஸெனகல் இந்த ஒப்பந்தத்தை 1986-லேயே ஏற்றுக்கொண்டது. (நம் தேசம் 1997-ல் கையெழுத்திட்டது, ஆனால் 2024 வரையில் அதை உறுதி செய்து ஏற்கவில்லை. இதையும் நேயர்கள் அறிந்திருப்பது நல்லது.) சட்டம் இருந்தது, ஹாப்ரேயும் டக்கார் நகரத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மாளிகையில் வாழ்ந்தார். பத்தாண்டுக் காலம் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. யாராவது ஒருவர் போய்ச் சட்டத்தைத் தட்டி எழுப்பினாலன்றி அது தானாக எழுந்து நடப்பதில்லை.

1999-ல் சாட் நாட்டு மனித உரிமைச் சங்கம் ஒன்றின் தலைவியான டெல்ஃபீன் ஜிராய்பே என்ற பெண் வக்கீல், நியூயார்க்கிலுள்ள மனித உரிமைக் கண்காணிப்புச் சங்கத்தாரிடம் உதவி கேட்டார். அச்சங்கத்தின் வக்கீல் ரீட் பிராடி இதைத் தம் தலைமேல் போட்டுக்கொண்டார். சங்கத்தின் ஆட்கள் அரவமில்லாமல் இஞ்சமீனாவுக்குப் போனபோது, கெங்கெங் ஒளித்து வைத்திருந்த கட்டுகள் வெளியே வந்தன. வெளியூரிலிருந்து வந்தவர்கள் புதிதாக ஒன்றையும் தோண்டி எடுக்கவேண்டியிருக்கவில்லை. வழக்குக்கு வேண்டிய அஸ்திவாரம் ஏற்கெனவே போட்டு முடிந்திருந்தது.

2000 ஜனவரியில் சாட் நாட்டவர் எழுவரும் அவர்களுடைய சங்கமும் டக்கார் கோர்ட்டில் பிராது கொடுத்தனர். அடுத்த மாதமே அங்குள்ள விசாரணை நீதிபதி ஹாப்ரேயின் மேல் குற்றம் சாட்டி, அவரை வீட்டுக் காவலில் வைத்தார். ஆப்பிரிக்க நாடொன்றின் முன்னாள் தலைவரை வேறொரு ஆப்பிரிக்க நாட்டு நீதிபதி குற்றவாளிக் கூண்டுக்கு அழைத்தது அதுவே முதல் தடவை. மகிழ்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. ஸெனகலில் தேர்தல் வந்தது. அப்துலாயே வாத் ஜனாதிபதியானார். குற்றம் சாட்டிய நீதிபதி அந்த வழக்கிலிருந்து விலகும்படி மாற்றப்பட்டார். வெளிநாட்டில் நடந்த சித்திரவதையை விசாரிக்க இந்நாட்டுக் கோர்ட்டுகளுக்கு அதிகாரம் இல்லை என்று முதலில் அப்பீல் கோர்ட்டும், 2001 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் வழக்கைத் தள்ளிவிட்டன. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது உண்மைதான், அதற்கேற்ற சட்டத்தைத் தேசத்துக்குள் இயற்றவில்லையே என்பது அவர்கள் சொன்ன காரணம். கையெழுத்துப் போட்டுப் பதினைந்து ஆண்டுகள் சும்மா இருந்த குற்றத்துக்கு யார் தண்டனை அநுபவிப்பது? அடிபட்டவர்களே அநுபவித்தார்கள்.

அதே 2001-ஆம் ஆண்டில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. மே மாதத்தில், பாழடைந்து கிடந்த இரகசியப் போலீஸ் காரியாலயத்துக்குள் ரீட் பிராடியும் அவர் தோழரும் அநுமதி பெற்று நுழைந்தார்கள். தரையெங்கும் காகிதங்கள்! கைதிகளின் ஜாபிதாக்கள், விசாரணைக் குறிப்புகள், மரண சர்டிபிகேட்டுகள், ஒற்றர் அறிக்கைகள் யாவும் தூசியும் மண்ணுமாகக் குவிந்து கிடந்தன. தஸ்தாவேஜு இலாகா தன் பெயருக்கு ஏற்ற வேலையையும் செய்திருக்கிறது போலும். சங்கத்தைச் சேர்ந்த பழைய கைதிகளே நாட்கணக்கில் உட்கார்ந்து அவற்றைத் துடைத்துப் பிரித்தார்கள். தம் பெயரைத் தாமே அந்த ஜாபிதாவில் கண்டவர்களும் உண்டு. அந்தக் காகிதங்களில் 12,321 பேரின் பெயர்கள் இருந்தன. காவலில் மாண்டவர்களாக 1,208 பேர் குறிக்கப்பட்டிருந்தனர். ஜனாதிபதிக்கு நேராக எழுதப்பட்ட 1,265 கடிதங்கள், 898 கைதிகளைப் பற்றியவை, அதே குவியலிலிருந்து கிடைத்தன. ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்ற வாதத்துக்கு அதன் பிறகு இடமில்லாமற் போயிற்று.

மற்றொரு சம்பவம் ஜூன் மாதத்தில். வழக்கை நடத்திய சாட் நாட்டு வக்கீல் ஜாக்குலின் முதேனா என்ற அம்மையார், தலைநகரில் பெண்கள் நடத்திய அமைதியான ஊர்வலம் ஒன்றில் கலந்துகொண்டார். போலீஸார் அவர் நின்ற இடத்தை நோக்கிக் கைக்குண்டு வீசினர். அந்தப் போலீஸ் படைக்குத் தலைமை வகித்தவர் ஹாப்ரேயின் பழைய இலாகாவைச் சேர்ந்தவர். அவர் மேல் முதேனா வழக்குத் தொடுத்திருந்தார். குண்டின் சில்லுகள் அம்மையாரின் காலில் பாய்ந்தன. பாரிஸுக்குப் போய் ஓராண்டுக்கு மேல் சிகிச்சை பெற்றார். பிறகு ஊர் திரும்பி விட்ட இடத்திலிருந்து வழக்கை எடுத்துக்கொண்டார். கெங்கெங்குக்கும் சும்மா போகவில்லை, 2002-ல் உத்தியோகம் போயிற்று, பயமுறுத்தல்கள் வந்தன. கடைசியில் அவர் அமெரிக்காவில் அடைக்கலம் புகவேண்டியதாயிற்று. எல்லை கடந்த நீதி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதற்காக எல்லை கடந்து ஊரை இழந்தவர்கள் இப்படியும் சிலர்.

டக்காரில் கதவு மூடிய பிறகு அவர்கள் பெல்ஜியத்தின் கதவைத் தட்டினார்கள். உலகில் எங்கே நடந்த கொடுங்குற்றத்தையும் தன் கோர்ட்டில் விசாரிக்கலாம் என்று அந்தச் சிறிய ஐரோப்பிய நாடு 1993-ல் ஒரு சட்டம் செய்திருந்தது. சாட் நாட்டில் பிறந்து பெல்ஜியக் குடிகளாகிவிட்ட சிலரும் பிராது கொடுத்தவர்களில் இருந்தனர். டானியல் ஃபிரான்ஸென் என்ற நீதிபதி 2002-ல் தாமே இஞ்சமீனாவுக்கு வந்தார். பழைய கைதிகள் முன்னே நடக்க, அந்த நீச்சல் குளச் சிறைக்குள் அவர் இறங்கிப் பார்த்தார், சாட்சிகளை விசாரித்தார். இதற்குள் அந்தச் சட்டத்துக்கே ஆபத்து வந்துவிட்டது. அமெரிக்கத் தலைவர்கள் மேலும் அதன்கீழ்ப் பிராதுகள் வரவே, நேட்டோ கூட்டணியின் தலைமையகத்தை பிரஸ்ஸல்ஸ் நகரத்திலிருந்து எடுத்துவிட நேரும் என்று அமெரிக்க யுத்த மந்திரி மிரட்டினார். 2003-ல் பெல்ஜியம் சட்டத்தைச் சுருட்டிக்கொண்டது. ஏழை நாட்டுச் சர்வாதிகாரியைப் பிடிக்கும் வரையில் வலை நல்ல வலை. பெரிய மீனின் வால் பட்டதும் அறுத்தெறிய வேண்டிய வலை! நல்லகாலமாக, பெல்ஜியக் குடிகள் சிலர் வாதிகளாக இருந்தபடியால் ஹாப்ரே வழக்கு மட்டும் பிழைத்தது. 2005-ல் நீதிபதி வாரண்டு பிறப்பித்தார். ஹாப்ரேயை அனுப்பும்படி பெல்ஜியம் கேட்டது.

அதன்பின் ஏழாண்டுகள் நடந்தவற்றைச் சொன்னால் நேயர்களுக்கு அலுப்புத் தட்டும். ஸெனகல் தனக்கு அதிகாரமில்லை என்று ஆப்பிரிக்க ஐக்கியச் சங்கத்தைக் கை காட்டிற்று. ஐக்கியச் சங்கம் 2006 ஜூலையில், ‘ஆப்பிரிக்காவின் பேரால் நீயே விசாரி’ என்று ஸெனகலுக்கே திருப்பி அனுப்பிற்று. ஸெனகல் சட்டத்தைத் திருத்தியது. பிறகு, விசாரணைக்குப் பணம் எங்கே என்று கேட்டது. பணம் தருவதாகப் பல தேசங்கள் 2010-ல் ஒப்புக்கொண்டன. அப்பொழுதும் விசாரணை தொடங்கவில்லை. இதற்கிடையே சாட் நாட்டில் வாதிகள் வயோதிகத்தாலும் நோயாலும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். எஞ்சியவர்கள் கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள், டக்காருக்குப் போய் அங்குள்ள பத்திரிகைக்காரரையும் வக்கீல்களையும் பார்த்துப் பேசினார்கள். ஸெனகல் மக்களுக்கு ஹாப்ரே என்றால் தொழுகைக்கு வரும் மரியாதையான அண்டை வீட்டுக்காரர், கொடுப்பதில் தாராளமானவர். அவர் வேறு என்னவாக இருந்தார் என்பதை அந்த மக்களுக்குப் போய்ச் சொன்னவர்கள் அவர் சிறையிலிருந்து தப்பிப் பிழைத்தவர்களே. கோர்ட்டில் வாதித்ததைக் காட்டிலும் இதையே பெரிய வேலை என்று நாம் கருதுகிறோம்.

ஹேக் நகரத்திலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் தனி மனிதர் வழக்காட முடியாது. தேசத்துக்குத் தேசந்தான் வழக்காடலாம். எனவே 2009-ல் பெல்ஜியம் ஸெனகலின் மீது அங்கே வழக்குத் தொடுத்தது. ஒரு கணக்கரின் சபதம் இரண்டு தேசங்களின் வழக்காகிவிட்டது. 2012 ஜூலை 20-ந் தேதி தீர்ப்பு வந்தது: தாமதமின்றி ஹாப்ரேயை விசாரணைக்கு உட்படுத்து, இல்லையேல் ஒப்படை. இதில் நீதிபதிகள் அனைவரும் ஒரே கருத்தினர். அந்த ஆண்டுதான் ஸெனகலில் ஆட்சி மாறி மாக்கி சால் ஜனாதிபதியாகியிருந்தார். ஐக்கியச் சங்கத்துடன் உடன்படிக்கை ஏற்பட்டு, டக்காரில் ஒரு விசேஷ ஆப்பிரிக்க நீதிமன்றம் 2013-ல் உருவாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதக் கடைசியில் ஹாப்ரே கைதானார்.

2015 ஜூலை 20-ந் தேதி விசாரணை ஆரம்பமாயிற்று. வெள்ளை அங்கியும், முகத்தை மறைத்த தலைப்பாகையும், கறுப்புக் கண்ணாடியுமாக ஹாப்ரே வந்தார். வந்தார் என்பதைவிடக் காவலர் தூக்கி வந்தனர் என்பதே சரி. இந்த நீதிமன்றத்தை ஒப்புக்கொள்ளேன் என்று கூச்சலிட்டார். தம் வக்கீல்களையும் வரவிடவில்லை. நீதிமன்றம் அவருக்காக வேறு வக்கீல்களை நியமித்து, அவர்கள் வழக்கைப் படிக்க அவகாசம் கொடுத்து, செப்டம்பரில் மறுபடி கூடிற்று. பர்க்கினா ஃபாஸோ தேசத்தவரான கஸ்தாவ் காம் தலைமை நீதிபதி. உடனிருந்த இருவரும் ஸெனகல் தேசத்தவர். 93 சாட்சிகள் பேசினார்கள். அபைஃபூத்தா தாம் புதைத்த குழிகளைப் பற்றிச் சொன்னார். கெங்கெங் கடல் கடந்து வந்து, தடித்த கண்ணாடியின் வழியே எதிரில் இருந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு சாட்சி சொன்னார். ஹாப்ரே வாய் திறக்கவில்லை.

பெண்கள் சொன்ன சாட்சியமே அந்த நீதிமன்றத்தை உலுக்கிற்று. வடக்கே பாலைவனத்து இராணுவ முகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கே படையினரின் அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் அவர்களில் இருந்தனர். கணவரிடமும் மக்களிடமும்கூட இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்ததை, டெலிவிஷனில் ஊரெல்லாம் பார்த்திருக்க, எழுந்து நின்று சொன்னார்கள். குடும்பத்துப் பெண்களுக்கு மானமே பெரிது என்று பேசும் சமூகங்களில் நம்முடையதும் ஒன்று. ஆகையால் அவர்கள் செய்ததன் அருமை நம் வாசகிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு பெண்மணி ஹாப்ரேயே தம்மைக் கெடுத்தார் என்று நேரில் குற்றம் சாட்டினார். முதல் தீர்ப்பு அதை ஏற்றது. அப்பீல் நீதிமன்றம், அவர் சொல்வதை நம்பத்தகாதது என்று கூறாமல், குற்றப் பத்திரிகையில் உரிய காலத்தில் சேர்க்கப்படவில்லை என்ற முறைப்படி அந்த ஒரு குற்றத்திலிருந்து மட்டும் ஹாப்ரேயை விடுவித்தது. சட்டப்படி சரியாயிருக்கலாம். வழக்கைத் தொடுத்தவர்கள் இதை முன்னமே பெண்களிடம் கேட்டு எழுதியிருக்க வேண்டும் என்ற குறை நம் மனத்தில் இருக்கவே செய்கிறது.

2016 மே 30-ந் தேதி ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மனித குலத்துக்கு விரோதமான குற்றங்கள், யுத்தக் குற்றங்கள், சித்திரவதை ஆகியவற்றுக்காக அந்தத் தண்டனை. ஒரு தேசத்தின் முன்னாள் அதிபரை மற்றொரு தேசத்தின் நீதிமன்றம் இத்தகைய குற்றங்களுக்காக விசாரித்துத் தண்டித்தது உலகில் அதுவே முதல் தடவை. தீர்ப்பைக் கேட்ட விதவைகள் மண்டபத்திலேயே குலவையிட்டார்கள். 2017 ஏப்ரலில் அப்பீலிலும் தண்டனை உறுதியாயிற்று. 2021 ஆகஸ்டில் கொரோனா நோய் கண்டு, கைதியாகவே டக்காரில் ஹாப்ரே காலமானார்.

வெள்ளைக்காரர்கள் பணம் கொடுத்து ஒரு கறுப்பரை மாட்டி வைத்த நாடகம் இது என்று ஹாப்ரேயின் கட்சியார் சொன்னார்கள். அந்நிய ஆட்சியின் கோர்ட்டுகளைத் தம் முன்னோர் மூலம் அறிந்திருக்கும் நாம் இந்த ஆட்சேபத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் பிராது கொடுத்தவர் யார்? சாட் நாட்டவர். சாட்சியங்களைச் சேர்த்தவர் யார்? அவர்களே. தீர்ப்புச் சொன்னவர்கள் ஆப்பிரிக்க நீதிபதிகள். வெளிநாட்டு நண்பர்கள் பணமும் சட்ட அறிவும் கொண்டு வந்தார்கள். முன்னே நின்றவர்கள் அடிபட்டவர்களே. ஆட்சேபத்தில் உண்மையான பகுதி வேறொன்று இருக்கிறது. ஹாப்ரேக்கு ஆயுதம் கொடுத்தவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், வாஷிங்டனிலும் பாரிஸிலும் அவருக்கு விருந்து வைத்தவர்கள் எவரும் டக்கார் கூண்டில் நிற்கவில்லை. அவருடைய தளபதியாயிருந்த டேபி 2021-ல் இறக்கும் வரையில் முப்பது ஆண்டு ஜனாதிபதியாகவே இருந்தார். எல்லை கடக்கும் நீதிக்கு எந்த எல்லையைக் கடக்கலாம், எதைக் கடக்கலாகாது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

டக்கார் விசாரணை நெருங்கியபின், சாட் நாட்டுக் கோர்ட்டும் விழித்துக்கொண்டது. பழைய இலாகாவின் ஆட்கள் இருபது பேரை 2015 மார்ச்சில் தண்டித்தது. எழுவருக்கு ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்டவர்களுக்கு 7,500 கோடி ஃப்ராங்க் நஷ்ட ஈடு என்றும், அதில் பாதியைச் சர்க்கார் தரவேண்டும் என்றும் உத்தரவாயிற்று. அந்நாட்டு ஃப்ராங்கின் மதிப்புச் சிறியது. எண்ணிக்கையைக் கண்டு நேயர்கள் மலைக்க வேண்டாம். டக்கார் அப்பீல் தீர்ப்பு 7,396 பேரைப் பெயர் பெயராகக் குறிப்பிட்டு, ஹாப்ரேயின் சொத்திலிருந்து 8,200 கோடி ஃப்ராங்குக்கு மேல் கொடுக்கவேண்டும் என்றது. சிறைப்பட்டும் வதைபட்டும் பிழைத்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்றரைக் கோடி. இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு கோடி. ஆனால் கஜானாவிலிருந்து போன பணம் போன இடம் தெரியவில்லை. கைக்கு அகப்பட்டது டக்காரில் ஒரு வீடும் சிறு தொகைகளும். நஷ்ட ஈட்டுக்கென ஆப்பிரிக்க ஐக்கியச் சங்கம் ஏற்படுத்த ஒப்புக்கொண்ட நிதியிலிருந்து, ஏறத்தாழ ஏழாண்டுகள் சென்றபின் 2024-ன் தொடக்கத்திலும், ஒருவருக்கும் பணம் போய்ச் சேரவில்லை.

2024 பிப்ரவரியில் சாட் சர்க்கார் தன் பங்குக்கு 1,000 கோடி ஃப்ராங்கை எடுத்து வைத்தது. அபைஃபூத்தா தலைவராக இருந்த சங்கத்தின் விதவைகளும் மற்றவர்களுமாகப் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அதைப் பங்கிட்டார்கள். ஆளுக்குக் கிடைத்தது 9,25,000 ஃப்ராங்க். டக்கார் தீர்ப்பு ஒரு விதவைக்கு விதித்த தொகையில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வாங்கிக்கொண்டு, மீதி எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்கள்.